அசையாத முளை

அத்தியாயம் 7

சாவி திரும்பிய சத்தம் அனுப்ரியாவின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் கேட்டது. அடுத்து, சாவியை உருவி எடுக்கும் சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை, இருட்டு மட்டும்.

"அக்கா," என்று ஜெய் கிசுகிசுத்தான். "இப்ப பூட்டினது நம்ம கதவா, பக்கத்து வீட்டுக் கதவா?"

"நம்ம கதவு."

"சும்மா, கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்னு கேட்டேன்."

அவன் வாயைப் பொத்த நீண்ட அவள் கை, இருட்டில் வழி தெரியாமல் மூக்கில் போய் இடித்தது. இருவரும் முழங்காலை மடக்கி, ஆளுக்கொரு பக்கப் பலகையில் முதுகை முட்டுக்கொடுத்து, ஓர் அலமாரிக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். டன்லப் ஸ்திரீட் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் துப்பறிவாளரும் அவருடைய ஒரே உதவியாளரும், புடவை தொங்க வேண்டிய இடத்தில்.

உள்ளே ஏறச் சொன்னவன் ஜெய்தான். "யாரு அலமாரியத் தொறந்து பார்க்கப் போறாங்க?" என்றான். அவன் வாக்கு பலித்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பூட்டிவிட்டார்கள்.

சுங்கை காடுட்டில் இருந்த அந்தக் கிடங்கு தனசேகரனுடையது. பழைய மரச்சாமான்களை வாங்கி விற்பவர். ஏற்றி இறக்கச் சொந்தமாக ஒரு லாரியும் அதற்கொரு ஓட்டுநரும் வைத்திருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசை வாங்க வந்த அக்கா தம்பியாக இருவரும் உள்ளே நுழைந்தார்கள். வேலையாள் சின்னத்தம்பி, "பாஸ் வெளிய போயிருக்காரு, நீங்க சுத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். மூலையில் போர்வை போர்த்தி நின்ற ஒன்றை ஜெய் விலக்கிப் பார்த்தான். உச்சியில் மகுடம்போல் வளைந்த சட்டம். கதவுகளில் செதுக்கிய மயில்கள். அவர்கள் தேடிவந்த, புகைப்படத்தில் பார்த்த அதே அலமாரி. 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அனுப்ரியா நினைத்து முடிப்பதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. தனசேகரனுக்கு அவள் முகம் தெரியும். வேறு ஒளிய இடமில்லை.

இப்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவே நூல்போல ஒரு வெளிச்சக் கோடு. மூச்சுக்கு அது போதும். மனசுக்குத்தான் போதவில்லை.

குழப்பம் வந்தால் அனுப்ரியா முதலிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்ப்பாள். அவளுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது, வரிசையில்தான் நம்பிக்கை.

காத்தோங்கில், சிலோன் சாலைக்குப் பக்கத்துத் தரைவீட்டில் தனியாக வசிப்பவர் சரஸ்வதி. கல்யாணத்துக்கு வந்த தேக்கு அலமாரியைச் சீர்செய்ய மர்யமிடம் கொடுத்தார். மர்யம் அந்தத் தொழிலில் பேர் வாங்கியவள். புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தில் மாலை வகுப்பும் எடுக்கிறாள். அந்த வகுப்பின் கடைசி பெஞ்சு மாணவிதான் அனுப்ரியா. வேலை முடிந்து அலமாரியை மர்யமே கொண்டுபோய் நிறுத்தினாள். மறுநாளே சரஸ்வதி இரண்டு வாரம் சென்னைக்குப் போனார். சோபா ரிப்பேருக்கென்று வீட்டுச் சாவியைத் தனசேகரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தவர், "இது என் அலமாரி இல்ல, நகல்," என்றார். கதவு கிறீச்சிடவில்லை, இழுப்பறை சிக்கவில்லை. அதற்கெல்லாம் மேலாக, பின்னங்காலின் அடியில் புது மரம், அந்த மரத்தில் இந்த வருடத் தேதி. "நானே குனிஞ்சு பார்த்தேன். இந்த வருஷம் செஞ்சதுக்கு இந்த வருஷத் தேதி போட்டிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

அலமாரியை மாற்றிவிட்டாள் என்ற பழி மர்யமின் தலையில் விழுந்தது. சமூக மன்றம் வகுப்பை நிறுத்தி வைத்தது. பட்டறையில் இருந்த சாமான்களை ஒவ்வொருவராக வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பது அவர் பேரை நம்பித்தான். பேர் போனால் உளியும் இழைப்புளியும் வெறும் இரும்பு. சரஸ்வதி கடைசியாகச் சொன்னது இது: இன்று மாலை ஐந்து மணிக்குள் அலமாரி வராவிட்டால் போலீஸ்.

மர்யம் உண்மை பேசுகிறாள். சரஸ்வதியும் உண்மை பேசுகிறார். அப்படியென்றால் அந்த இரண்டு வாரத்தில்தான் மாற்றியிருக்க வேண்டும். சாவியும் லாரியும் வைத்திருந்தவர் ஒருவரே. அனுப்ரியாவின் கணக்கு அதுதான். அது சரிதான் என்று அவள் உட்கார்ந்திருந்த இடமே சாட்சி சொன்னது.

திடீரென்று பலகை முனகியது. வெளியே யாரோ அலமாரியில் சாய்ந்தார்கள்.

"சரஸ்வதிம்மா! தனா பேசுறேன்." தனசேகரனின் குரல், உள்ளே உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. "கிடைச்சிடுச்சும்மா! ஆமா, உங்க ஒரிஜினலேதான். ஜொகூர்ல ஒரு பார்ட்டிகிட்ட இருந்துச்சு. அந்தப் பொண்ணு வித்திருக்கு… இப்பவே கொண்டு வர்றேன். ஐயோ, காசெல்லாம் எதுக்கும்மா, நீங்க எனக்கு அம்மா மாதிரி. அந்த நகலா? அதான் நான் போர்வ சுத்தி டேப் ஒட்டி வச்சிருக்கேன்ல, யாரும் தொட வேணாம். இதே லாரியில தூக்கிட்டு வந்துடுறேன், வீட்டை அடைச்சுக்கிட்டு எதுக்கு? அந்தப் பொண்ணையும் வரச் சொல்லிடுங்க. மூஞ்சிக்கு நேரா கேப்போம்."

சாய்ந்திருந்த உடம்பு விலகியது. காலடி தூரம் போனது.

"அக்கா," என்றான் ஜெய். "திருடினதைத் திருப்பிக் கொடுக்கப் போறாரா? திருந்திட்டாரோ?"

"தெரியல."

"நாம உள்ள உட்கார்ந்த உடனே திருந்திட்டாருன்னா, நம்ம பவர் என்ன லா!"

அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கஷ்டப்பட்டுத் திருடியவன் எதற்காகத் தானாகத் திருப்பித் தருகிறான்? ஏதோ ஒன்று இடறியது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: அவர் அலமாரியோடு போய் இறங்கினால் அவர் காப்பாற்றியவர், மர்யம் திருடி. கத்தினாலோ, அத்துமீறி நுழைந்த இரண்டு பேரின் வார்த்தையை யார் நம்புவார்கள்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் தரை அசைந்தது. அலமாரியைச் சக்கரப் பலகையோடு தள்ளினார்கள்.

"என்ன பாஸ் இது," என்று சின்னத்தம்பி மூச்சு வாங்கினான். "காலையில தள்ளுனப்ப இம்புட்டு கனம் இல்லையே."

இருவரும் மூச்சை நிறுத்தினார்கள்.

"பழைய தேக்குன்னா கனக்காம? காலையில நாலு பரோட்டா தின்னுருப்ப, தெம்பா இருந்திருக்கும். தள்ளுடா!"

லாரியின் பின்பக்கத் தூக்குப்பலகை, மோட்டார் உறுமலோடு, அலமாரியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. பட்டைக் கயிறு இறுகியது. கதவின் வெளிச்சக் கோட்டின் மேல் போர்வை விழுந்தது. நூலாக இருந்த வெளிச்சமும் போயிற்று.

*

லாரி ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பி பின்பக்கமே ஏறி, அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கைப்பேசியில் பாட்டுப் போட்டுவிட்டான். நடுவில் ஒரு விரல் தடிமன் பலகை. பாட்டும் எஞ்சின் சத்தமும் இருந்ததால், வாயைக் காதருகே வைத்தால் பேச முடிந்தது.

வெக்கை ஏறியது. அனுப்ரியாவின் வலது கால் மரத்துப்போய், யாருடைய காலோ என்பதுபோல் கிடந்தது.

"பின்பலகைய ஒரு உதை விட்டா தெறிச்சிடும்க்கா. சிக்னல்ல நிக்கறப்ப இறங்கி ஓடிடலாம்."

"இது சரஸ்வதி ஆன்ட்டியோட அலமாரி ஜெய். இதைக் காப்பாத்த வந்துட்டு இதையே உடைக்கிறதா?"

"அப்ப என்ன பண்றது? அலமாரிக்கு வலிக்காம வெளிய போக வழி இருக்கா?"

இருந்தது. வகுப்பில் மர்யம் சொன்னது அரைகுறையாக ஞாபகம் வந்தது. ஜெய்யின் கைப்பேசி கிடங்குக்கு வெளியே நிறுத்திய வேனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அனுப்ரியாவின் கைப்பேசியில் உயிர் ஊசலாடியது. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு மர்யமுக்குச் செய்தி தட்டினாள்: 'உங்க அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்டோம். உடைக்காம வெளியே வர வழி?'

பதில் உடனே வந்தது. 'என்னது!!' அதன் பின்னாலேயே இன்னொன்று: 'மேலே நாலு மூலையிலும் ஒரு மரமுளை இருக்கும். பெருவிரலால் மேலே அழுத்துங்க. மகுடம் கழன்று வரும். அதுக்கப்புறம் எல்லாப் பலகையும் ஒவ்வொண்ணா வந்துடும். நான் ஒரு இடத்திலும் ஒட்டலை. நாம செய்யறதை நாளைக்கு ஒருத்தர் கழட்ட முடியணும்.'

அவள் வகுப்பில் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அது. பழசைச் சீர்செய்பவர் போடும் எந்த முடிச்சும் அவிழ்க்க முடிந்ததாக இருக்க வேண்டும். பசை தேவைப்பட்டால்கூட, சூடு பட்டால் இளகிவிடும் வஜ்ரப் பசைதான் போடுவாள்.

அனுப்ரியா எழுந்து, கூனிய முதுகோடு மேல் மூலையைத் தடவினாள். முளை விரலில் பட்டது. அழுத்தினாள். அசையவில்லை. இரண்டாவது மூலை. அசையவில்லை. மூன்றாவதில் இரண்டு பெருவிரலையும் சேர்த்து வைத்து அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

"நான்தான் தப்பா அழுத்தறேன் போல," என்றாள்.

"இருக்கலாம். வகுப்புல நீங்க செஞ்ச ஸ்டூல் இன்னும் நம்ம ஆபீஸ்லதான் இருக்கு. உட்கார்ந்த கிளையன்ட் எல்லாம் உண்மையை ஒத்துக்கிட்டு எந்திரிச்சு ஓடறாங்க."

"சும்மா இரு. நீ அழுத்திப் பாரு."

அவன் அழுத்தினான். மூன்று முறை. நான்காவது மூலையிலும் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். ஜெய் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தது அனுப்ரியாவைப் பயமுறுத்தியது.

கைப்பேசி வெளிச்சத்தை மூலையில் பிடித்தாள். முளையைச் சுற்றி, மோதிரம் மாட்டியதுபோல், கண்ணாடியாகக் காய்ந்த ஒரு வளையம். வெள்ளைப் பசை. கடையில் டப்பாவில் விற்பது. ஒட்டினால் ஒட்டியதுதான், மரம் பிளந்தாலும் அது விடாது.

"ஒட்டியிருக்கு," என்றாள்.

"ஒரு இடத்துலயும் ஒட்டலன்னு மர்யமக்கா சொன்னாங்க?"

மர்யம் பொய் சொல்லியிருக்கலாம். வகுப்பில் ஒன்று பேசி, பட்டறையில் வேறொன்று செய்யும் ஆளாக இருக்கலாம். அந்தப் பொய் உண்மையானால் அதற்குப் பின்னால் எத்தனை பொய்? மர்யமின் சிரித்த முகத்தைப் பிடித்துப்போனதால்தான் இந்த வழக்கையே எடுத்தோமோ? துப்பறிகிறவள் செய்யக் கூடாத முதல் தப்பு அது. இருட்டு முன்பைவிட நெருக்கமாக வந்து உட்கார்ந்தது.

"அக்கா," என்றான் ஜெய், கொஞ்சம் பொறுத்து. "என் சட்டையைக் கொஞ்சம் பாருங்களேன். முதுகெல்லாம் பிசுபிசுங்குது."

வெளிச்சத்தைத் திருப்பினாள். காலையில் வெள்ளையாக இருந்த சட்டை. இப்போது முதுகு முழுக்கப் பழுப்பு. அவன் வியர்வை பட்ட இடத்திலெல்லாம் அலமாரி சாயம் விட்டிருந்தது.

ஜெய் சட்டை நுனியை மூக்கில் வைத்தான். பிறகு, அவள் தடுப்பதற்குள், நுனி நாக்கில் வைத்தான்.

"கோப்பி ஓ," என்றான் மரியாதையோடு. "கோசோங்."

"என்னது?"

"கடுங்காப்பிக்கா. சீனி போடல. போட்டிருந்தா எறும்பு வந்து எல்லாத்தையும் காட்டிக் கொடுத்திருக்கும். ஆளு மூளைக்காரன்."

அனுப்ரியா வெளிச்சத்தை மெதுவாக மேலே கொண்டுபோனாள். இனி வரிசையாக. கதவு ஓரம், கை பட்டுப் பட்டுக் கறுத்ததுபோல் இருந்தது. சரி. பக்கப் பலகையும் அப்படியே. அதுவும் சரி. மேல்சட்டத்துக்குப் பின்னால், எந்தக் காலத்திலும் எந்தப் பெண்ணின் கையும் எட்டியிருக்க முடியாத மூலை. அங்கேயும் அதே கறுப்பு, அதே அளவு.

"கை படாத இடத்துக்கு எப்படி ஜெய் கைக்கறை வந்துச்சு?"

"காப்பிக்கு என்ன தெரியும், எங்க நிறுத்தணும்னு."

"இது பழசு இல்ல. பழசு மாதிரி சாயம் பூசினது." அவள் முளைப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினாள். "மர்யம் பொய் சொல்லல. அவங்க ஒட்டவே இல்ல. ஏன்னா இதை அவங்க தொட்டதே இல்ல. நாம உட்கார்ந்திருக்கறதுதான் நகல்."

"சரி. அப்ப காத்தோங்ல இருக்கறது?"

"அதுவும் நகல். ஆன்ட்டியே பார்த்திருக்காங்களே, புது மரம், தேதி…"

"ஒரு ஒரிஜினலுக்கு ரெண்டு நகலா? அப்ப ஒரிஜினல் எங்க? எதுக்கு ஒரு நகலைக் கொடுத்து இன்னொரு நகலை, அதுவும் காசு வாங்காம, லாரி வச்சுத் திரும்பித் தூக்கணும்? அக்கா, என் பாட்டரி உங்க போனைவிட மோசம். மெதுவா சொல்லுங்க."

அவன் கேட்ட கேள்வி அவள் தலைக்குள் முளையைப்போல அழுந்தியது. எதற்காகத் தூக்க வேண்டும்? தூக்க வேண்டும் என்றால் அது மதிப்புள்ளது. மதிப்புள்ளதென்றால்…

கைப்பேசியில் சிவப்புக் கோடு மின்னியது. அவசரமாகத் தட்டினாள்: 'பின்னங்காலில் தேதி போட்டது யார்?'

லாரி எதையோ தாண்டிக் குலுங்கியது. சின்னத்தம்பி பாட்டோடு சேர்ந்து பாடினான். பதில் வந்தது.

'நான்தான். கால் உளுத்திருந்தது, அந்தத் துண்டை மட்டும் மாத்தினேன். புது மரம் எங்கே வச்சாலும் அன்னிக்குத் தேதி போடுவேன். பின்னாடி வாங்கறவங்க பழசுன்னு ஏமாறக் கூடாது. வகுப்பில் சொன்னேனே, நீங்க வரலையோ?'

வரவில்லை. அன்று சுவா சூ காங்கில் ஒரு வீட்டு வாசலில், ஜெய்யோடு வேனில் உட்கார்ந்து யாரையோ கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ," என்றாள் அனுப்ரியா.

"என்ன?"

"ரெண்டு பேரும் உண்மை சொல்றாங்கன்னு கணக்குப் போட்டேன். உண்மை சொல்றது வேற, சரியா சொல்றது வேற. ஆன்ட்டி பொய் சொல்லல, ஆனா தப்பா சொல்றாங்க. அந்தக் காலைக் குனிஞ்சு பார்க்கச் சொன்னது யாரு? போர்வை சுத்தி, யாரும் தொடக் கூடாதுன்னு டேப் ஒட்டினது யாரு? அந்தத் தேதி எதுக்குன்னு இந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரியாது. ஏமாத்தலைன்னு காட்டப் போட்ட தேதியையே, மர்யம் ஏமாத்தினதுக்குச் சாட்சியா தனசேகரன் காட்டிட்டாரு."

"அப்ப காத்தோங்ல இருக்கறது…"

"ஒரிஜினல். அது வீட்டை விட்டு நகரவே இல்ல. யாரும் எதையும் திருடல ஜெய். திருட்டு இன்னும் நடக்கவே இல்ல. இனிமேதான் நடக்கப் போகுது. ஆன்ட்டியே கையெடுத்துக் கும்பிட்டு ஒரிஜினலைத் தூக்கி லாரியில ஏத்தி விடப் போறாங்க."

ஜெய் பிசுபிசுத்த காலரைத் தளர்த்திக்கொண்டான். பிறகு, "நம்மள அந்த இடத்துக்கே இலவசமா கூட்டிட்டும் போறாரு," என்றான். "நல்ல மனுஷன்க்கா. உடைச்சுட்டு வெளிய போயிடலாமா இப்ப? நகல்தானே."

"இப்ப போனா இவரு நகலோட திரும்பிப் போயிடுவாரு. அந்தத் தேதி மட்டும் மிச்சமிருக்கும், மர்யம் மேல பழியா. இல்ல. பூட்டினது அவரு. தொறக்கறதும் அவரா இருக்கட்டும்."

கடைசிச் செய்தியைத் தட்டினாள்: 'போர்வை சுத்தியிருக்கறதை வெளியே விடாதீங்க. அதுதான் ஒரிஜினல். வர்றதைத் திறந்து காட்டச் சொல்லுங்க.' அனுப்பும் அம்பைத் தொட்டாள். திரை கறுத்தது.

"போச்சா?" என்றான் ஜெய்.

"போன் போச்சு."

"செய்தி?"

அவளுக்குத் தெரியவில்லை.

*

சரஸ்வதி வசித்தது பழைய காலத்துக் கட்டடத்தின் தரைவீடு. சன்னலெல்லாம் இரும்புக் கம்பி. வாசல் ஒன்றே ஒன்று. லாரி நின்றதும், போர்வையை உருவியதும், இறக்கியதும், சக்கரங்கள் சிமெண்டில் கடகடத்ததும், எல்லாம் அனுப்ரியாவுக்கு எலும்பு வழியாகத் தெரிந்தது.

"வாங்கம்மா, பாருங்க!" உள்ளேயிருந்து தனசேகரனின் குரல் கேட்டது, முதல் ஆளாகக் கூடத்துக்குள் போய்விட்டிருந்தார். "கனத்தைப் பாருங்க! ரெண்டு ஆம்பள திணறுறானுங்க. நகல் இப்படிக் கனக்குமா?"

"நமக்கு நன்றி சொல்றாரு," என்று ஜெய் காதோரம் முணுமுணுத்தான்.

அலமாரி நிலைவாசலுக்குள் பாதி நுழைந்தது. 'டக்'கென்று உச்சியில் ஓர் இடி. மகுடம் நிலையின் மேல்சட்டத்தில் முட்டியது. "சாய்டா, பின்னாடி சாய்!" அலமாரி சாய்ந்தது, ஜெய் அனுப்ரியாவின் மேல் சரிந்தான், அவன் முழங்கை அவள் விலாவில் இறங்கியது. மறுபடி ஒரு தள்ளு. மேலே முட்டியது, கீழே வாசற்படியில் சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அலமாரியின் இரட்டைக் கதவில் ஒன்று கூடத்துக்குள், மற்றது தெருப்பக்கம்.

"நிறுத்துப்பா, நிலை பேந்துடும்!" சரஸ்வதியின் குரல். "மேல இருக்கற வளைவைக் கழட்டிட்டுக் கொண்டு வா. என் கல்யாணத்துக்கு வந்தப்பவே பாகம் பாகமாத்தான் உள்ள வந்துச்சு."

"இப்ப கழட்டக் கூடாதும்மா. வயசான மரம். விரிஞ்சுடும்."

"போன மாசம் அந்தப் பொண்ணு கழட்டித்தானே எடுத்துட்டுப் போச்சு? திரும்பக் கொண்டு வந்தப்பவும் இதே வாசல்லதானே நுழைச்சுச்சு?"

"அதனாலதான்மா கெட்டுப் போச்சு."

"அது கழட்டுறதுக்குன்னே செஞ்சது சார்." மர்யமின் குரல். அனுப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். "சரி, கழட்ட வேணாம். சாவி உங்ககிட்டதானே இருக்கு? கதவை மட்டும் தொறந்து ஆன்ட்டிக்குக் காட்டுங்க."

செய்தி போயிருக்கிறது.

"தொறந்து காட்டு தனா," என்றார் சரஸ்வதி. "ஒண்ணும் குறையலையேன்னு பாத்துக்கறேன்."

"தாராளமா! இதுல மறைக்க என்ன இருக்கு?"

சாவி திரும்பியது. சாய்ந்திருந்த அலமாரி கதவைத் தானாகவே விரியத் திறந்தது. முதலில் ஜெய் உருண்டு விழுந்தான். அவன் மேலே அனுப்ரியா. தனசேகரன் பின்னால் பாய்ந்த வேகத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது.

"வணக்கம் ஆன்ட்டி," என்றான் ஜெய் தரையில் கிடந்தபடியே. "டெலிவரி."

சரஸ்வதி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். யாராவது எதையாவது பேசுவதற்குள் அனுப்ரியா ஜெய்யின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவன் முதுகைக் காட்டினாள். மரத்துப்போன கால் தரையில் நிற்க மறுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது உங்க அலமாரியோட சாயம் ஆன்ட்டி. மோந்து பாருங்க. உங்க கல்யாணத்துக்கு வந்த தேக்கு, வியர்வை பட்டா காப்பி விடுமா?"

"பொய்!" தனசேகரனின் முகம் வெளுத்தது. "இவங்க உள்ள பூந்து ஏதோ கொட்டியிருக்காங்க. அத்துமீறி நுழைஞ்சவங்க பேச்சை…"

"அவங்க பேச்சை நம்ப வேணாம்," என்றாள் மர்யம். "என் பேச்சையும் வேணாம்."

அவள் கூடத்தின் மூலைக்குப் போனாள். போர்வையும் டேப்பும் சுற்றி நின்றதைக் கிழித்தாள். ஒரு நாற்காலியில் ஏறி, கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பெருவிரலால் அழுத்தினாள். 'டொக்.' இன்னொரு மூலை. 'டொக்.' நான்கும் முடிந்ததும், மயில் கதவுகளுக்கு மேலிருந்த மகுடம் அவள் இரு கைகளிலும், குழந்தையைத் தூக்கியதுபோல், கீறலில்லாமல் வந்தது.

"இது உங்க கல்யாணத்துக்கு வந்த மாதிரியே பாகம் பாகமா வரும். அவரு கொண்டு வந்ததையும் இப்படிக் கழட்டச் சொல்லுங்க ஆன்ட்டி."

சரஸ்வதி மெல்லப் போய், அலமாரியின் பின்னங்காலருகே தரையில் உட்கார்ந்தார். தேதியை விரலால் தொட்டார். "இது?"

"அந்தத் துண்டு மட்டும் புதுசு. புதுசைப் பழசுன்னு சொல்லக் கூடாதுன்னு போட்டேன்."

"இதைக் காட்டித்தான்…" சரஸ்வதி நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்தார். "அஞ்சு மணிக்கு போலீஸைக் கூப்பிடுவேன்னு சொன்னேன். மணி அஞ்சாச்சு. பேரை மட்டும் மாத்திச் சொல்றேன்."

தனசேகரன் வாசலை நோக்கிப் பாய்ந்தார். வாசலில் அவருடைய அலமாரி நின்றது. பக்கத்தில் கை நுழையும் இடைவெளிதான். அவர் வயிறு அதற்கு ஒப்பவில்லை. "சின்னத்தம்பி! இழுடா!" வெளியே இருந்து அவனும் ஓட்டுநரும் இழுத்தார்கள். உச்சி நிலையை விடவில்லை. அவர் அலமாரிக்குள் தலையை நுழைத்து, உள்ளே மண்டியிட்டு, முளையைத் தேடிப் பிடித்துப் பெருவிரலால் அழுத்தினார்.

ஜெய் சட்டையை உதறிக்கொண்டு அருகில் போய் நின்றான்.

"ரெண்டு விரலும் சேர்த்து அழுத்துங்க சார்," என்றான். "நாங்களும் அப்படித்தான் பார்த்தோம்."

தனசேகரன் இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தினார். முளை அசையவில்லை.